செல்லியம்மாவுக்குச் சொன்ன சாரி

அநியாயத்துக்கு ஆளானவர்: ஆலமிட்டை செல்லியம்மா, என் அத்தை. நடந்த அநியாயம்: அவளுடைய தோசை வண்டி எந்தக் குற்றமும் செய்யாமல், விசாரணை இல்லாமல், ஜாமீனுக்கும் வழியில்லாமல், சொந்த வீட்டிலேயே சிறை வைக்கப்பட்டது. சிறை வைத்தது ஒரு கரண்ட் கம்பம்.

திருப்பதிப் பக்கம் வடமாலபேட்டை தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர் ஆலமிட்டை. அத்தை வீடு பின்னால் இருக்கிறது, முன்னால் இரண்டு பேர் வீடு, நடுவில் ஒரு சந்து. விடிந்ததும் அத்தை அந்தச் சந்து வழியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வருவாள். சந்து முடிகிற இடத்துக்கு எதிரே, தெருவின் அந்தப் பக்கம் கரண்ட் ஆபீஸ் கேட். கேட்டுக்கு எதிரில் வண்டியை நிறுத்தினால் அதுதான் கடை. ஆபீஸ் மொத்தமும் அங்கேதான் துன்னும். ஆபீஸுக்குத் தலைவர், இன்ஜினியர், ஏ.ஈ. லோகேஸ்வரன் சாருக்கு மட்டும் அவர் பதவியை உத்தேசித்து ப்ளேட் உள்ளே போகும்.

ஒரு நாள் அத்தையும் முனிசாமி மாமாவும் தடாவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், சந்து வாயில் நட்டநடுவே சிமெண்ட் கம்பம் நிற்கிறது. புது லைனாம். நடும்போதே பக்கத்து வீட்டுக்காரர்கள் மேஸ்திரியிடம் இங்கே வழி இருக்கிறதே என்று சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். மேப்பில் இந்த இடத்தில் புள்ளிதான் இருக்கிறது, வழி இல்லை என்று அவர் காட்டியிருக்கிறார். மேப் தப்பாக இருக்க முடியாது. ஆகவே வழிதான் தப்பு.

ஆள் போகலாம். அத்தை பக்கவாட்டில் திரும்பிப் போவாள். மாமா மூச்சை முழுவதும் வெளியே விட்டு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு போவார். வண்டிக்கு அந்த வித்தை தெரியாது. அது ரேணிகுண்டா ஒர்க்‌ஷாப்பில் கனமான இரும்பால் பற்றவைத்தது. சந்தின் இரண்டு சுவரும் அடுத்தவர் வீட்டுச் சுவர், இடிக்க முடியாது. வண்டியை அறுத்து வெளியே எடுத்து மறுபடி பற்றவைக்கலாம் என்று மாமா ஒரு யோசனை சொன்னார். மொதல்ல உன்னை அறுத்து வெளிய எடுக்கறேன் என்று அத்தை சொன்னதும் அந்த யோசனை திரும்பப் பெறப்பட்டது.

வண்டி உள்ளே, அடுப்பு உள்ளே, மாவு புளித்துக்கொண்டிருக்கிறது. பஸ் ஸ்டாப்பில் புதிதாக ஒருவர் நூடுல்ஸ் கடை போட்டார். அத்தையிடம் வருஷக்கணக்காகத் தின்றவர்கள் ஒவ்வொருவராக அங்கே போய் நின்றார்கள். இன்னும் கொஞ்ச நாள் போனால் செல்லியம்மா என்று ஒருத்தி தோசை சுட்டாள் என்பதே ஊருக்கு மறந்துபோகும். அத்தைக்குப் பயம் அதுதான்.

இது பழைய காலமாக இருந்தால் கவலையே இல்லை. முன்பெல்லாம் லோகேஸ்வரன் சார் மனு கொடுக்க வந்தவர்களைப் பார்த்துக் கத்துவார். ஆள் இல்லை, கம்பி இல்லை, ஏணி இல்லை, போ என்பார். நாமும் பதிலுக்குக் கத்துவோம். கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் ஆள், கம்பி, ஏணி மூன்றும் எங்கிருந்தோ வந்துவிடும். அது ஒரு நல்ல நிர்வாகம். அதைத்தான் மேலிடம் திருத்திவிட்டது.

திருத்தத்தின் பெயர் சேவா மர்யாதா திட்டம். திருப்பதியிலிருந்து நீரஜா என்று ஒரு பயிற்சியாளர் மேடம் வந்து, ஆபீஸ்காரர்களை வட்டமாக உட்காரவைத்து, ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லை நாள் முழுவதும் சொல்லிக்கொடுத்தார். உச்சரிக்கும்போது புருவத்தை எவ்வளவு உயர்த்துவது, தலையை எந்தப் பக்கம் சாய்ப்பது, கையை நெஞ்சில் எங்கே வைப்பது எல்லாம் பாடத்தில் இருந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கை: "மனுதாரர் வாய் திறந்த மாத்திரத்தில், அவர் மனம் நோகாவண்ணம், கனிந்த முகத்துடன் சாரி தெரிவிக்கப்படல் வேண்டும். மனுதாரர் அதனை ஏற்றுக்கொண்ட நிமிடமே அவர்தம் குறை தீர்ந்ததாகக் கருதப்படும்."

அத்தை முதல் தடவை போனபோது இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. கத்துவதற்குத் தயாராக, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போயிருக்கிறாள். லோகேஸ்வரன் சார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். ஆபீசர் ஒருவர் தனக்காக எழுந்து நிற்பதை அத்தை அன்றுதான் பார்க்கிறாள். பாதி கோபம் அங்கேயே போயிற்று.

"சாரிம்மா," என்றார் அவர், நெஞ்சில் கை வைத்து.

நம் ஜனங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். காலை மிதித்துவிட்டு ஒருவன் சாரி என்றால், கால் நசுங்கியிருந்தாலும் நம் வாயிலிருந்து ஒரு சொல் தானாக வந்துவிடும். யோசித்துச் சொல்வதில்லை, தும்மல் வருகிற மாதிரி வருவது.

"பரவால்ல சார்," என்றாள் அத்தை.

பக்கத்தில் டேப்லெட்டோடு நின்றிருந்த கிளார்க் ரவி ஒரு தட்டு தட்டினான். குறை தீர்ந்தது.

வெளியே வரும்போது ஏ.ஈ. பின்னாலேயே வந்து கேட்டாராம், "ஏம்மா, ரெண்டு மூணு நாளா கடையே போடலயே, என்ன ஆச்சு? அந்த நூடுல்ஸு எனக்கு ஒத்துக்கவே இல்ல." அவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாகக் கம்பம் தெரியும். கம்பத்துக்குப் பின்னால் வண்டியும் தெரியும்.

இந்தக் கதையை அத்தை போனில் சொன்னபோது நான் திருப்பதியில் யூனிவர்சிட்டி ஹாஸ்டலில் இருந்தேன். எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த வாரமே ஊருக்குப் போய் நேராகக் கரண்ட் ஆபீஸில் நுழைந்தேன்.

"சார், சாரின்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டேன்.

"வருத்தம்னு அர்த்தம்."

"யாருக்கு வருத்தம்?"

"உங்க அத்தைக்கு."

"அது எங்களுக்கே தெரியும். உங்களுக்கு?"

"எனக்கு எதுக்கும்மா? நான் தெரிவிக்கறவன்."

"தெரிவிச்சப்புறம் கம்பத்தை எடுக்க வேணாமா?"

அவர் என்னை உண்மையான பரிதாபத்தோடு பார்த்தார். "கம்பத்தை எடுக்கறதா இருந்தா எதுக்கும்மா சாரி சொல்லணும்? எடுத்துட்டுப் போய்டுவமே," என்றார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக எழுந்து, தலையைச் சாய்த்து, எனக்கும் ஒரு சாரி சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

திட்டினவரைத் திருப்பித் திட்டலாம். சாரி சொன்னவரை என்ன செய்வது? அதற்கு மேல் பேசினால் ஊர் நம்மைத்தான் பார்க்கும்.

ஆபீஸில் பிடித்தது ஊருக்கும் பரவ எத்தனை நாளாகும்? பால்காரர் தண்ணீரை ஊற்றிவிட்டு சாரி அக்கா என்றார். சீட்டே இல்லாத ஷேர் ஆட்டோவில் ஆளை ஏற்றிவிட்டுப் பிரவீன் சாரி சாரி என்று ஆக்சிலேட்டரைத் திருகினான். திருப்பதி பஸ் டிரைவர் எங்கள் ஸ்டாப்பில் நிறுத்தாமல் போவது புதிதில்லை; இப்போது கண்டக்டர் படிக்கட்டில் நின்று கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு போனார். பஸ்ஸைத் துரத்தி ஓடிக்கொண்டே நானும் பரவால்லண்ணா என்றேன். ஆராய்ச்சிக்காகத்தான்.

அந்த ஆராய்ச்சியின் முடிவு இது: சாவி ஏ.ஈ. நாக்கில் இல்லை, அத்தை நாக்கில் இருக்கிறது. அந்த ஒரு சொல்லை அத்தை சொல்லாமலிருந்தால் குறை தீராது. குறை தீராவிட்டால் ஒருவேளை தீர்த்துவைப்பார்கள்.

அன்று முதல் வீட்டில் பயிற்சி ஆரம்பமானது. போகிற வருகிற போதெல்லாம் அத்தையின் காலை மிதித்துவிட்டு சாரி அத்தே என்பேன். பரவால்ல கண்ணு என்பாள். தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டு சாரி என்பேன். பரவால்ல கண்ணு. அவளே தன் தலையில் குட்டிக்கொண்டு மறுபடி தயாராவாள். மாமா இதையெல்லாம் பார்த்துவிட்டு, நீ படிக்கப் போனியா, உங்க அத்தைய உதைக்கப் போனியா என்று கேட்டார். கடைசியில், அவளுக்குப் பிடித்த கல்லில் நான் தோசையைக் கருக்கிவிட்டு சாரி சொன்னபோது, அத்தை உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, சும்மா நின்றாள். தேறிவிட்டாள்.

இரண்டாவது தடவை இரண்டு பேரும் போனோம். லோகேஸ்வரன் சார் சாரி என்றார். அத்தை வாய் திறக்கவில்லை. அவர் புருவத்தை இன்னும் உயர்த்தி, வெரி சாரி என்றார். அத்தை சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். ஆபீஸே திகைத்து நின்றது. ஏற்றுக்கொள்ளப்படாத சாரியை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்போதுதான் ரவி ஒரு நாற்காலியை எடுத்து வந்து போட்டு, தெலுங்கில், உட்காரம்மா, இதுக்கு ஒரு கால் கொஞ்சம் ஆடும், சாரிம்மா என்று பணிவாகச் சொன்னான்.

"பர்லேது நைனா," என்றாள் அத்தை.

தமிழில் பூட்டுப் போட்டிருந்தோம். தெலுங்குக் கதவு திறந்து கிடந்தது எங்கள் இரண்டு பேர் புத்தியிலும் படவில்லை. ரவி டேப்லெட்டைத் தட்டினான்.

"அது நாற்காலிக்குச் சொன்னது," என்று நான் பாய்ந்தேன்.

"இருக்கலாம் மேடம். ஆனா எதுக்குச் சாரின்னு போடறதுக்கு இதுல எடம் இல்லீங்க. ஏத்துக்கினாங்களா, இல்லயா, அவ்ளோதான்."

அதற்கும் மேலே போவதானால் எங்கே போவது என்று கேட்டேன். திருப்பதியில் பெரிய ஆபீஸில் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது, அங்கே சாரங்கபாணி சார் உட்காருவார், எக்ஸ்ட்ரீம்லி சாரி சொல்கிற அதிகாரம் அவருக்கு மட்டும்தான் உண்டு, நாங்களெல்லாம் வெரியோடு நிற்க வேண்டியவர்கள் என்று ஏ.ஈ. விளக்கினார். சொல்லும்போது அவர் குரலில் பதவி உயர்வு பற்றிய ஏக்கம் இருந்தது.

திருப்பதிக்குக் கிளம்புகிற அன்று மாமா ஒரு வேலை செய்தார். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அத்தையை நிறுத்தி, வெற்றிலையை அடுக்கிச் சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலையும் வைத்துச் சுருட்டி, வாய் நிறைய அடைத்தார்.

"மென்னுக்கினே இரு. முழுங்காத. அங்க ஏசி ஹாலு, சுவரெல்லாம் வெள்ளை, துப்ப எடம் கெடையாது. வாயத் தொறந்தா மானம் போய்டும். எந்த பாஷயும் வராது பாரு," என்றார். யூனிவர்சிட்டியில் எனக்கு இப்படி ஒரு முறையைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஹாலில் கூட்டம். ஆனால் அந்த வேகத்தில் நகர்ந்த வரிசையைத் திருப்பதி அதுவரை பார்த்திருக்காது. ஒருவர் போவார், குறையைச் சொல்ல வாய் திறப்பார், சாரி கிடைக்கும், பரவால்ல என்பார், போவார். அடுத்தவர் பர்லேது என்பார். அதற்கடுத்த பெரியவர் பர்வா நஹி என்றார். மூன்று பாஷைக்காரர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருப்பதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. வெளியே போகும்போது எல்லார் முகத்திலும் ஒரு நிறைவு. பெரிய ஆபீசரே சாரி சொன்னார் என்று ஊரில் போய்ச் சொல்வார்கள் அல்லவா?

சாரங்கபாணி சார் நெற்றி நிறையத் திருமண் இட்டுக்கொண்டு, சாந்தமாக உட்கார்ந்திருந்தார். உண்மையாகவே மரியாதை தெரிந்த மனிதர், அதுதான் கஷ்டம். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு அத்தையைப் பார்த்து சாரி என்றார்.

அத்தை மென்றாள்.

வெரி சாரி என்றார். மென்றாள். எழுந்து நின்று எக்ஸ்ட்ரீம்லி சாரி என்றார். அத்தை நிமிர்ந்து, தலை ஒருபக்கமும் ஆடிவிடாதபடி, ஏசி மெஷினைப் பார்த்தபடி மென்றாள். அவர் பக்கத்தில் நின்ற நீரஜா மேடத்திடம் குனிந்து, இதற்கும் மேலே ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இங்கிலீஷில் இவ்வளவுதான் சார் என்று மேடம் கவலையோடு சொன்னார்.

வரிசை நின்றுவிட்டது. பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது. அந்த ஹாலில் குறை இல்லாதவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் அத்தனை பேரும் ஏ.ஈ.க்களை விட்டுவிட்டு என் அத்தையைத் திட்ட ஆரம்பித்தார்கள். எவ்ளோ பெரிய மனுஷன் எழுந்து நின்னு சொல்றாரு, இவளுக்குத் திமிரைப் பாரேன் என்றது ஒரு குரல். எங்களுக்கெல்லாம் சாரி வேணாமா, சீக்கிரம் வாங்கிக்கினு நகரு என்றது இன்னொன்று. பொன்னியம்மா என்று எங்கள் பக்கத்து ஊர்க்காரி, வீட்டில் மாசக்கணக்காகக் கரண்ட் இல்லாதவள், அத்தையின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏன்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு பரவால்ல சொல்லேன்டி."

அத்தையின் கண் சிவந்துவிட்டது. புகையிலையாலா, அவமானத்தாலா, தெரியவில்லை. என் கையைப் பிடித்த பிடி மட்டும் தளரவில்லை.

சாரங்கபாணி சாருக்கும் வியர்த்தது. என்ன தோன்றியதோ, மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து அத்தைக்கு எதிரில் நின்றார்.

"அம்மா, தப்பு எங்க மேலதான். மன்னிச்சுக்கோங்கோ," என்றார்.

முணுமுணுத்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சொன்னவருக்கே முகம் மாறிப்போயிற்று. சாரி சொல்லும்போது அவருக்குக் கை மட்டும்தான் நெஞ்சுக்குப் போனது. இதைச் சொன்னபோது கை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொங்கியது. யாரிடமோ எதையோ கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவர் மாதிரி நின்றார். அத்தை அவரைப் பார்த்தாள். தொண்டை அசைந்தது. போச்சு என்று நினைத்தேன். சாறு முழுவதையும் முழுங்கினாள், வாய் திறக்கவில்லை.

நீரஜா மேடம் பதறிக்கொண்டு ஓடிவந்தார். அந்தச் சொல் திட்டத்தில் இல்லை, அதைச் சொன்னால் தப்பு செய்ததாகவே ஆகிவிடும் என்று அவர் காதில் சொன்னது மைக் இல்லாமலே எங்களுக்குக் கேட்டது. பிறகு ஆளாளுக்குச் சுற்றறிக்கையைப் புரட்டினார்கள். கடைசிப் பக்கத்தின் கடைசி வரியை அதுவரை யாரும் படித்திருக்கவில்லை, தேவைப்படவில்லை. "மனுதாரர் சாரியை ஏற்காத பட்சத்தில், வேறு வழியின்றி, வேலை செய்துகொடுக்கப்படல் வேண்டும்."

வேறு வழியின்றி என்பதை சாரங்கபாணி சார் இரண்டு தடவை படித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிரேன் வந்தது. ஆபீஸ் லீவு, ஏ.ஈ. ஊரில் இல்லை. அதே மேஸ்திரி, அதே மேப். சந்து வாயிலிருந்து கம்பத்தை எடு என்று உத்தரவு. எங்கே நடு என்று உத்தரவில் இல்லை. கம்பி எட்டுகிற தூரம் கொஞ்சம்தான். அந்தத் தூரத்துக்குள் மேப்பில் காலியாக இருந்த இடம் ஒன்றே ஒன்று. மேஸ்திரி அங்கே குழி போட்டு, கம்பத்தை இறக்கி, சிமெண்ட் ஊற்றிவிட்டுப் போனார். நான் தடுத்திருக்கலாம். ஆனால் மேப்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

திங்கட்கிழமை காலை வண்டி வெளியே வந்தது. அத்தை முதல் தோசையைத் திருப்பும்போதே கூட்டம் கூடிவிட்டது. நூடுல்ஸ் கடைக்காரரும் ஒரு ப்ளேட் கேட்டு நின்றார். எல்லாரும் எதிரில் இருந்த கரண்ட் ஆபீஸ் கேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கு நட்டநடுவே கம்பம் நின்றது. உள்ளே ஆபீஸ் ஜீப் நின்றது.

உள்ளிருந்து லோகேஸ்வரன் சார் வந்தார். மூச்சை வெளியே விட்டு, வயிற்றை இழுத்து, பக்கவாட்டில் திரும்பி, சட்டைப் பொத்தான் ஒன்று தெறிக்க வெளியே வந்தார். கையில் டேப்லெட்டோடு ரவியும் அதே மாதிரி வந்தான்.

"செல்லியம்மா, இது என்ன நியாயம்? ரேணிகுண்டால எனக்கு இன்ஸ்பெக்‌ஷன். ஜீப்பு உள்ள மாட்டிக்கினு கெடக்குது. உன்னாலதான இந்தக் கம்பம் இங்க வந்துச்சு? நான் எப்படிப் போறது?" என்றார். பழைய குரல். நாலு மாசத்துக்கு அப்புறம் அவர் கத்துவதைக் கேட்க ஆசையாக இருந்தது.

அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். தலையை இடதுபக்கம் சாய்த்து, புருவத்தை உயர்த்தி, கையை நெஞ்சில் வைத்தாள்.

"சாரி சார்."

தெருவே அவர் வாயைப் பார்த்தது. நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்: சொல்லாதீங்க சார். சண்டை போடுங்க, நாற்காலியை உடைங்க, மேப்பைக் கிழிங்க. இந்த ஊரில் இன்னும் ஒரு ஆளாவது அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருந்தால் நாளைக்கே எல்லாக் கம்பமும் அதனதன் இடத்துக்குப் போய்விடும். அவர் மூச்சை இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ரவியின் விரல் டேப்லெட்டுக்கு மேலே காத்துக்கொண்டிருந்தது.

"பரவால்லம்மா," என்றார்.